கர்ணம்

பல் செய்கிறவள் நான். பீங்கான் பல்.
ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிளந்து
அதில் நாலு துண்டு கூடிவிட்டாலும்
தாலின் நகரத்தில் யாரோ ஒருவருக்கு
ரொட்டி கடிக்கையில் கூசும்.
அந்தத் திமிரில்தான் சொன்னேன்,
அலமாரியை நானே வரைகிறேன் என்று.

ஹில்லார் மறுக்கவில்லை.
ஹெல்சிங்கி கப்பலின் அடுக்களையில் இரண்டு வாரம்,
வீட்டில் இரண்டு வாரம்.
வீட்டில் அவன் கேட்பது
கால் நீட்ட இடம், அவ்வளவே.

லஸ்னமே. ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை.
இருபத்தொன்பது சதுர மீட்டர்.
இருவருக்குத் தைத்த சட்டைபோல்
பிடிப்பாகத்தான் இருந்தது, செப்டம்பர் வரை.
செப்டம்பரில் அவன் மகள் திரீனு வந்தாள்.
ஒன்பது வயது. இரண்டு பை. பனிச்சறுக்குக் கட்டைகள்.
உறையில்லாத அக்கார்டியன்.
அவள் அம்மாவின் கையெழுத்தில்
'மற்றவை' என்று எழுதிய ஓர் அட்டைப்பெட்டி.

எல்லாவற்றையும் அளந்தேன்.
ஹில்லாரின் குளிர்கோட்டு நூற்றுப் பதினெட்டு.
கட்டைகள் நூற்று நாற்பது.
ஜாம் பாட்டில்கள், இஸ்திரிப் பலகை,
வாக்குவம் கிளீனர் குழாயோடும் குழாயில்லாமலும்.
பெட்டியை மட்டும் வெளிப்புறமாக:
நாற்பது, முப்பது, இருபத்திரண்டு.
அளவுநாடா சுருண்டு உள்ளே ஓடும் சத்தத்துக்கு
அவள் ஒவ்வொரு முறையும் கண்சிமிட்டினாள்.

சுவரையும் அளந்தேன். அது நேராக இல்லை.
கான்கிரீட்டை அடுக்கியவர்களுக்கு
என்ன அவசரமோ,
உச்சிக்குப் போவதற்குள் பதினெட்டு மில்லி சாய்ந்திருந்தது.
அந்தச் சாய்வுக்கும் பலகை செதுக்கினேன்.
பிர்ச் ஒட்டுப்பலகை, ஐந்து மாடி, பதினொரு நடை.
தரையில் கிடத்திப் பசை தடவி, திருகி,
இரவு முழுக்கக் காயவிட்டு,
காலையில் இருவருமாகத் தூக்கினோம்.

கூரை அதைப் பிடித்துக்கொண்டது.

அறை இருநூற்று ஐம்பத்தொன்று. அலமாரி இருநூற்று நாற்பத்தொன்பது.
படுத்தால் பொருந்தும், நின்றால் பொருந்தும்.
படுத்தது நிற்பதற்கு எழுகிறபோது
மூலைக்கு மூலை இருநூற்று ஐம்பத்தாறு.
ஏழாம் வகுப்பில் எழுதித் தேறிய கணக்கு.
கரணம் தப்பினால்தான் மரணம்.
கர்ணம் தப்பினால் மரம்,
அறை முழுக்க மரம்.

மூன்று நாள் அது படுத்தே கிடந்தது.
அதன்மேல் சாப்பிட்டோம்.
அதைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போனோம்.
நான் அதனோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன்.
திரீனு கோட்டுகளுக்கான அறைக்குள்
தலையணையோடு இறங்கி
உள்ளிருந்தே அக்கார்டியன் வாசித்தாள்.
வந்த நாளிலிருந்து முதல் தடவை.
பலகை அதிர்ந்தது. பசை நன்றாகப் பிடித்திருக்கிறது
என்று மட்டும்தான்
எனக்கு அப்போது தோன்றியது, சத்தியமாக.

நாலாம் நாள் வாள் எடுத்தேன்.
பத்தே இழுப்பில் கதவு தட்டியது:
கீழ்வீட்டு ருஸ்தம், சண்டைக்குத் தயாராக,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
உள்ளே பார்த்தான். கூரையைப் பார்த்தான்.
மீண்டும் அலமாரியைப் பார்த்தான்.
சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாட்டை
நான் மறக்கமாட்டேன்.
பிறகு மண்டியிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.
மரத்தூள் அவன் ஒற்றைக் காலுறையில் படிந்தது.

இப்போது நிற்கிறது, இரண்டு துண்டாக,
நாலு போல்ட்டில், சுவரின் சாய்வோடு சாய்ந்து.
வெட்டுக்கோடு திரீனுவின் நெற்றி உயரம்.
மெல்லிய பட்டை ஒட்டி மறைக்கலாம் என்றேன்.
வேண்டாம் என்றாள்.
விரலால் அந்தக் கோட்டைத் தொட்டபடியேதான்
பள்ளிக்குக் கிளம்புகிறாள்.

பெட்டிக்கு மேல்தட்டில், நாற்பதுக்கு முப்பதாக,
கச்சிதமாக ஓரிடம் வைத்திருந்தேன்.
அது காலியாகக் கிடக்கிறது.
கைக்கெட்டும் கீழறைக்குள் பெட்டியை
அவளே தள்ளி வைத்திருக்கிறாள்,
வாக்குவம் கிளீனருக்காக நான் வரைந்த அறை.

வாக்குவம் கிளீனர் நடையில் நிற்கிறது,
குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு.
ஹில்லார் தினமும் அதில் இடறுகிறான்.